முப்பத்தெட்டு புள்ளி ஒன்று

ஆரணியிலிருந்து சேத்துப்பட்டு போகிற ரோட்டில், நெல் வயலுக்கு நடுவே ஐந்து மாடி எழும்பி நிற்கிற ஒரு பொறியியல் கல்லூரியில், சுதாகர் ஆறாவது வருஷமாக ஆராய்ச்சி மாணவனாக இருந்தான். அவனோடு சேர்ந்தவர்களில் ஒருத்திக்குக் குழந்தை பிறந்து பள்ளிக்கூடமே போக ஆரம்பித்துவிட்டது. ஒருத்தன் கனடாவில் பனி வாருகிறான். சுதாகர் மட்டும் சீரியம் ஆக்ஸைடைச் சுட்டுக்கொண்டிருந்தான்.

சீரியம் ஆக்ஸைடு வெளிறின மஞ்சளில், மலிவான முகப் பவுடர் மாதிரி இருக்கும். அதன் ஒரு துகள், தலைமுடியின் தடிமனில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. இதை ஃபர்னஸில் வைத்து நானூறு டிகிரியில் ஒரு முறை, அறுநூறில் ஒரு முறை, தொள்ளாயிரத்தில் ஒரு முறை சுட்டு, சூடு ஏற ஏற உள்ளே அணுக்கள் எப்படி இடம் மாறி உட்காருகின்றன என்று பார்ப்பதுதான் அவன் வேலை. நானூறில் அவை முகூர்த்த நாளில் களம்பூர் பஸ் ஏறின ஜனம் மாதிரி இருக்கும். ஒருத்தன் தோளில் ஒருத்தன் சாய்ந்திருப்பான், ஆக்ஸிஜன் உட்கார வேண்டிய சீட்டு ஒன்று காரணமே இல்லாமல் காலியாகக் கிடக்கும். தொள்ளாயிரத்தில் எல்லாரும் அவரவர் சீட்டில் நேராக உட்கார்ந்துவிடுவார்கள். சின்னச் சின்னத் துகள்கள் பக்கத்துத் துகளை விழுங்கிப் பெருத்துவிடும்.

இதை வெறும் கண்ணால் பார்க்க முடியாது. பவுடரை டப்பாவில் போட்டுக்கொண்டு வேலூருக்கு பஸ் ஏறி, எக்ஸ்ரே மெஷின் இருக்கிற இடத்தில் கொடுத்தால், கோடும் மேடுமாக ஒரு கிராஃப் தருவார்கள். மேட்டுக்குப் பேர் பீக். ஒவ்வொரு பொருளுக்கும் அதன் பீக்குகள் எந்தக் கோணத்தில், எத்தனை டிகிரியில் விழும் என்பது கைரேகை மாதிரி நிர்ணயம். துகள் சின்னதாக இருந்தால் பீக் தொந்தியும் தொப்பையுமாக இருக்கும், துகள் பெருத்தால் பீக் ஊசியாக இளைக்கும்.

துறைத் தலைவர் தனசேகரனுக்கு இந்த விஞ்ஞானம் ரொம்பப் பிடிக்கும். சுதாகரின் கைடும் அவர்தான். "சூடு பட்டாதான் அணு அடங்கும்" என்பார். வகுப்பில் சொல்வார், கூட்டத்தில் சொல்வார், சுதாகரை அறைக்கு வெளியே இரண்டு மணி நேரம் நிற்க வைத்துவிட்டு உள்ளே கூப்பிட்டும் சொல்வார். சேரும்போது எல்லா மாணவனும் ஒழுங்கில்லாத பவுடர்தான், தான்தான் சுட்டு எடுக்கிறேன் என்பது அவர் கொள்கை. சுடுகிற முறைகளும் பலவாக இருந்தன. அவர் மகளை டியூஷனில் விட்டுக் கூட்டி வருவது, வினாத்தாள் திருத்துவது, மாதம் ஒரு தடவை களம்பூரிலிருந்து அரிசி மூட்டையை வண்டியில் வைத்துக்கொண்டு வந்து அவர் வீட்டுப் பின்வாசலில் இறக்குவது. சுதாகரின் அம்மா சின்னபொண்ணு களம்பூரில் ஒரு ரைஸ் மில்லில் நெல் தள்ளுகிறவள். அதனால் அரிசி நல்லதாகக் கிடைக்கும் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். நல்லதாகத்தான் கிடைத்தது.

தனசேகரனின் குடும்பம் பட்டு வியாபாரக் குடும்பம். டவுனில் அவர் மனைவி ஸ்வர்ணலதா நடத்துகிற கடையில் புதுப் புடவை விற்பதோடு, பழைய பட்டுப் புடவையும் வாங்குவார்கள். பழைய புடவையில் இருக்கும் ஜரிகை வெள்ளிக் கம்பி. கொளுத்தினால் பட்டு சாம்பலாகும், வெள்ளி மிஞ்சும். கொளுத்துவதற்கு சீரான சூடு வேண்டும். சீரான சூடு தரக்கூடிய ஃபர்னஸ் கல்லூரியில் இருந்தது. மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமை ஃபர்னஸ் கதவில் "பராமரிப்பில் உள்ளது" என்று ஒரு அட்டை தொங்கும். அன்றைக்கு மொத்தத் துறையிலும் தலைமுடி பொசுங்குகிற நாற்றம் அடிக்கும். இந்தப் பராமரிப்பை யார் செய்கிறார்கள் என்று யாரும் கேட்டதில்லை. சாரின் மச்சான் பையோடு மாடி ஏறுவதையும் யாரும் பார்த்ததில்லை. எழுபது பேர் வேலை செய்கிற கட்டடத்தில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கண் தெரியாமல் போவது என்பது தனியாக ஆராய வேண்டிய விஷயம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், தொள்ளாயிரம் டிகிரி பவுடரின் கிராஃபில் இருக்கக் கூடாத ஒரு பீக் வந்தது. முப்பத்தெட்டு புள்ளி ஒன்றில், ஊசி மாதிரி.

சுதாகருக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. தமிழ்நாட்டில் வேப்பிலைச் சாறு ஊற்றி வெள்ளி நானோத் துகள் செய்யாத கல்லூரி கிடையாது. எம்.எஸ்ஸியில் அவனும் செய்தவன். முப்பத்தெட்டு புள்ளி ஒன்று வெள்ளியின் விலாசம். கிராஃபை எடுத்துக்கொண்டு தனசேகரனிடம் போனான்.

அவர் அதை மேஜையில் விரித்து நிதானமாகப் பார்த்தார்.

"வெள்ளின்னு தோணுதுங்க சார்."

"நீ வெள்ளி போட்டியா?"

"இல்லைங்க சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப என் லேப்ல, என் ஃபர்னஸ்ல, வெள்ளி எங்கிருந்துப்பா வந்திருக்கும்?"

கேலியாகக் கேட்கவில்லை. பதில் வரட்டும் என்று நிஜமாகவே காத்திருந்தார். மின்விசிறி நாலைந்து சுற்று சுற்றியது. சுதாகருக்கு பதில் தொண்டை வரை வந்தது. அது வெளியே வந்தால் தானும் கல்லூரிக்கு வெளியே போக வேண்டியிருக்கும் என்பதும் கூடவே வந்தது.

"தெரியலங்க சார்."

"தெரியாததுக்குப் பேர்தான்பா கண்டுபிடிப்பு" என்றார் தனசேகரன்.

அப்படித்தான் 'ஆரணி ஃபேஸ்' பிறந்தது. சீரியம் ஆக்ஸைடை ஒரு குறிப்பிட்ட விதத்தில் சுட்டால் அணுக்கள் உலகம் இதுவரை பார்க்காத ஒரு வரிசையில், அதாவது ஒரு புது ஃபேஸில், அடுக்கிக்கொள்கின்றன என்றும், அதற்குப் பிறந்த ஊரின் பேரை வைப்பதாகவும் கட்டுரை எழுதப்பட்டது. வெள்ளிக்கு இருக்கிற மற்ற பீக்குகள் வருகிற பகுதி கிராஃபில் இடப் பற்றாக்குறையால் நறுக்கப்பட்டது. கல்லூரி வாசலில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். தனசேகரன் கையைக் கட்டிக்கொண்டு, பின்னால் அணுக்கள் உருண்டையாக மிதக்க நின்றார். ஓரத்தில், ரேஷன் கார்டு சைஸில், சுதாகரும் இருந்தான்.

கட்டுரை மூன்று பத்திரிகைகளில் அடி வாங்கிவிட்டு நாலாவதற்குப் போனது. அங்கே யாரோ ஒரு மதிப்பீட்டாளர் ஒரே ஒரு வரி கேட்டார்: இதை மறுபடி செய்து காட்ட முடியுமா?

சுதாகரின் பதிவுக் காலம் அந்த மாதம் முப்பதாம் தேதியோடு முடிகிறது. அதற்குள் கட்டுரை ஏற்கப்பட்டால்தான் ஆய்வேட்டைக் கொடுக்க முடியும். கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. ஆறு வருஷமும் அரிசி மூட்டையும் ரத்து. பதினெட்டு நாள் இருந்தது.

அவன் பவுடரைப் புதிதாகச் செய்தான், சுட்டான், வேலூருக்கு ஓடினான். கிராஃப் குழந்தை முகம் மாதிரி சுத்தமாக வந்தது. முப்பத்தெட்டு புள்ளி ஒன்றில் ஒன்றுமில்லை. மறுபடி சுட்டான். மறுபடியும் ஒன்றுமில்லை.

காரணத்தை லேப் உதவியாளர் குப்புராஜ் சொன்னார். இருபது வருஷமாக அந்தக் கட்டடத்தில் இருக்கிறவர், எதையும் பார்க்காதவர்களில் மூத்தவர். போன வருஷம் ஆய்வுக் குழு வருகிறது என்று பழைய க்ரூசிபிள் கிண்ணங்களை எல்லாம் குப்பையில் போட்டுவிட்டு, வெள்ளை வெளேரென்று புதுசு வாங்கி வைத்தார்கள். ஃபர்னஸின் உள்தட்டைக்கூட மாற்றினார்கள். சார் மச்சானும் தேசூர் பக்கம் சொந்தமாக ஒரு ஃபர்னஸ் போட்டுக்கொண்டார்.

"இப்ப இங்க அந்த வேலை நடக்கறது இல்லப்பா" என்றார் குப்புராஜ். "அதான் சுத்தமா வந்துகினு கீது."

சுதாகர் இதைத் தனசேகரனிடம் வேறு வார்த்தைகளில் சொல்லிப் பார்த்தான். சூழ்நிலை மாறியிருக்கிறது என்றான். அவர், உனக்குச் சுடத் தெரியவில்லை, ஆறு வருஷம் சுட்டும் நீ இன்னும் பவுடராகவே இருக்கிறாய், பீக்கோடு வா, இல்லாவிட்டால் வராதே என்று சொல்லிவிட்டு, மகளுக்கு டியூஷன் நேரம் ஆகிவிட்டதை ஞாபகப்படுத்தினார்.

ஆக, ஒரு பொய்யை நேர்மையாக மறுபடி செய்து காட்ட வேண்டியிருந்தது. சுதாகர் அதை ஒரு ஆராய்ச்சிப் பிரச்சினையாகவே எடுத்துக்கொண்டான். முதலில் வெள்ளிக் காசு ஒன்றைப் புதுக் கிண்ணத்தில் வைத்துத் தொள்ளாயிரம் டிகிரியில் சுட்டுப் பார்த்தான். வெள்ளி உருக அது போதாது. காசு வைத்த இடத்தில், வைத்தபடி, லட்சுமி படத்தோடு இருந்தது. கெமிஸ்ட்ரி துறையில் வெள்ளி நைட்ரேட் கேட்கலாம். எதற்கு என்று நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். எதற்கு என்றுதான் அவனால் எழுத முடியாது. முடியைவிட மெல்லிசான கம்பி வேண்டும், துணியோடு எரிந்து, சாம்பலோடு கிண்ணத்தில் அப்பிக்கொள்கிற கம்பி. எப்படிப் பார்த்தாலும் ஜரிகையில்தான் வந்து நின்றது. அசல் ஜரிகை.

அவனுக்குத் தெரிந்து அசல் ஜரிகை ஒரே ஒரு இடத்தில் இருந்தது. வீட்டு டிரங்குப் பெட்டியில்.

நாலு வருஷத்துக்கு முன்னால் சின்னபொண்ணு ஒரு பட்டுப் புடவை எடுத்தாள். மகன் டாக்டர் பட்டம் வாங்குகிற அன்றைக்குக் கட்ட. அதுவரை அவள் பட்டு கட்டியதில்லை. ஆரணியில் நூறு கடை இருக்க, பையனுடைய சார் வீட்டுக் கடைக்குத்தான் போவேன் என்று நின்றாள். வேறு எங்கே போனாலும் ஏமாற்றுவார்கள், சார் வீட்டில் நம்மை ஏமாற்றுவார்களா என்பது அவள் கேள்வி. மற்ற வாடிக்கையாளர்கள் வெள்ளை மெத்தையில் உட்கார்ந்து பார்க்க, அவளுக்கு நின்றபடியே காட்டினார்கள். ஆனால் ஸ்வர்ணலதாவே எழுந்து வந்து எடுத்துக் கொடுத்தாள். அரக்கு உடம்பு, பச்சைக் கரை, கரை முழுக்க அன்னப்பட்சி. "சுதாகர் எங்க வீட்டுப் பையன் மாதிரி. அவன் அம்மாவுக்கு நான் வேற ஜரிகை குடுப்பனா?" என்றாள். சின்னபொண்ணு அந்த வாக்கியத்தை நாலு வருஷமாக மில்லில் எல்லாருக்கும் சொல்லி முடித்திருந்தாள்.

ரவிக்கைத் துணியை மட்டும் உடனே வெட்டித் தைத்துக்கொண்டாள். புடவையை ஒரே ஒரு தரம் வீட்டில் கட்டிப் பார்த்துவிட்டு பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்தாள். தீபாவளிக்குக் கட்டவில்லை, அக்கா மகள் கல்யாணத்துக்குக் கட்டவில்லை. கேட்டால் இன்னும் நாள் வரவில்லை என்பாள். நாள் எப்போது வரும் என்று மகனைக் கேட்க மாட்டாள். கவரைத் திறந்து, நாப்தலின் உருண்டையை மாற்றிவிட்டு, மறுபடி மூடுவாள். கேட்டிருந்தால்கூட சுதாகருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் மில்லுக்குப் போன பிறகு சுதாகர் பெட்டியைத் திறந்தான். முந்தானைப் பக்கம் கை வைக்கவில்லை. இடுப்பில் செருகுகிற உள்பக்கத்திலிருந்து, ஸ்கேல் வைத்து அளந்து, ஒரு முழம் நேர்கோட்டில் வெட்டினான். ஓரத்தை மடித்து இஸ்திரி போட்டான். ஆராய்ச்சி மாணவன், வேலை சுத்தமாக இருந்தது. முன்பு இருந்த மடிப்பிலேயே மடித்து, நாப்தலின் உருண்டையை இருந்த இடத்திலேயே வைத்தான்.

மத்தியானம் குப்புராஜ் ஃபர்னஸ் அறையைத் திறந்து விட்டார். பச்சைக் கரையை மட்டும் பிய்த்துக் கிண்ணத்தில் சுருட்டி வைத்துக் கொளுத்தினான். முடி பொசுங்குகிற நாற்றம் வந்தது. கூடவே பிளாஸ்டிக் எரிகிற நாற்றமும் வந்தது. சுதாகர் அதைக் கவனித்தான். கவனிக்காதவன் மாதிரி ஜன்னலைத் திறந்தான். ஆறு வருஷத்தில் அந்தக் கட்டடம் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது அது ஒன்றுதான்.

ஆறினதும் குப்புராஜ் கிண்ணத்தை எட்டிப் பார்த்தார். பல வருஷம் சார் மச்சானுக்குச் சாம்பல் அள்ளிக் கொடுத்தவர்.

"இன்னாபா இது கருப்பா கீது?"

சுதாகர் மிச்ச அரக்குத் துணியைப் பைக்குள் திணித்தான்.

"எந்தக் கடைல எடுத்தது?"

"சார் கடைலதான்."

குப்புராஜ் சிரிக்க ஆரம்பித்தார். சத்தமே வராமல், தோள் மட்டும் குலுங்க, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, வேண்டுமானால் கொட்டிவிட்டு வேறு வழி பார்ப்போம் என்றார். வேறு வழி இல்லை. ஒன்பது நாள்தான் இருந்தது. சுதாகர் அதே கிண்ணத்தில் சீரியம் ஆக்ஸைடைப் போட்டுத் தொள்ளாயிரம் டிகிரிக்கு வைத்தான்.

வேலூரில் கிராஃப் கைக்கு வந்ததும் முதலில் முப்பத்தெட்டு புள்ளி ஒன்றைத்தான் பார்த்தான். அங்கே ஒன்றுமில்லை. கோடு தரையோடு தரையாகப் படுத்திருந்தது. ஆனால் முப்பத்தைந்து புள்ளி ஐந்தில் ஒன்று, முப்பத்தெட்டு புள்ளி ஏழில் ஒன்று, ஜோடியாக இரண்டு பீக் எழும்பி நின்றன. ஒப்பிட்டுப் பார்க்க அட்டவணைகூடத் தேவைப்படவில்லை. செம்பு, காற்றில் சுட்டால் ஆகிற காப்பர் ஆக்ஸைடு. நைலானில் சுற்றின செம்புக் கம்பி, மேலே மினுக்குப் பூச்சு. மெஷினுக்கு யார் யார் வீட்டுப் பையன் மாதிரி என்பது தெரியாது. வைத்ததைச் சொல்லியிருந்தது.

திரும்பி வரும்போது பாதி வழி வரை சீட்டு கிடைக்கவில்லை. கிராஃபைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடி வந்தான்.

மறுநாள் அதைத் தனசேகரன் மேஜையில் விரித்தான். அவர் தலைக்கு மேலே சுவரில் அவர் மனைவி கடையின் காலண்டர் தொங்கியது. முருகன் படத்துக்குக் கீழே, அசல் ஜரிகைக்கு உத்தரவாதம் என்று அச்சடித்திருந்தது.

தனசேகரன் ரொம்ப நேரம் பார்த்தார். அவர் முட்டாள் இல்லை. பிறந்ததிலிருந்து ஜரிகையோடு வளர்ந்தவர், அதற்கு மேல் பி.ஹெச்டி.

"இது காப்பர் ஆக்ஸைடு மாதிரி இருக்கேப்பா."

"அப்படியாங்க சார்" என்றான் சுதாகர். அவன் குரல் அவனுக்கே புதிதாக இருந்தது. "நம்ம லேப்ல, நம்ம ஃபர்னஸ்ல, செம்பு எங்கிருந்துங்க சார் வந்திருக்கும்?"

கேலியாகக் கேட்கவில்லை. அவனும் காத்திருந்தான். மின்விசிறி சுற்றியது. தனசேகரனின் பார்வை கிராஃபிலிருந்து அவன் கைக்குப் போனது, கைக்கடிகாரப் பட்டையில் சிக்கியிருந்த அரக்கு நூலில் ஒரு கணம் நின்றது, திரும்பி வந்தது.

"உங்கம்மா நல்லா இருக்காங்களா?" என்றார்.

ஆறு வருஷத்தில் அவர் அதைக் கேட்டது முதல் தடவை.

சொல்லலாம். ஒரே ஒரு வாக்கியம். அது வெளியே வந்தால் கடையும் போகும், ஆரணி ஃபேஸும் போகும், முப்பதாம் தேதியும் போகும். வராவிட்டால் ஒரு புடவை மட்டும் போகும். அதுவும் போய்விட்ட புடவை. சுதாகர் கணக்கு வரும் பையன்.

"நல்லா இருக்காங்க சார்."

தனசேகரன் மூச்சு விட்டார். பேனாவை எடுத்து, முப்பத்தெட்டு புள்ளி ஏழைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

"ஸ்ட்ரெயின்" என்றார். "சுடும்போது அணு வரிசை கொஞ்சம் இழுபட்டிருக்கு. முப்பத்தெட்டு புள்ளி ஒண்ணு, புள்ளி ஏழுக்கு நகர்ந்திருக்கு. அதே ஆரணி ஃபேஸ்தான். எழுதிடு. இந்த முப்பத்தஞ்சை நறுக்கிடு."

சுதாகர் எழுதினான், நறுக்கினான். இழுபட்ட அணுக்கள் பற்றிய விளக்கம் தன்னைத் திருப்திப்படுத்தியதாக மதிப்பீட்டாளர் பதில் போட்டார். இருபத்தெட்டாம் தேதி கட்டுரை ஏற்கப்பட்டது. முப்பதாம் தேதி ஆய்வேடு போய்ச் சேர்ந்தது. அதற்கப்புறம் அரிசி மூட்டையைத் தனசேகரன் மச்சான் களம்பூருக்கே வந்து எடுத்துக்கொண்டு போனார்.

பட்டம் கிடைத்ததும், அடுத்த தை மாதம் கல்லூரியில் பாராட்டு விழா வைத்தார்கள். மேடையில் தனசேகரன் பேசினார். சூடு பட்டதால்தான் இந்தப் பையன் இன்றைக்கு இப்படி நிற்கிறான் என்றார். சுதாகர் சால்வை போர்த்திக்கொண்டு நின்றான். அடுத்த மாதத்திலிருந்து அதே துறையில் உதவிப் பேராசிரியர் வேலை, அதே அறை, அதே ஃபர்னஸ்.

சின்னபொண்ணு மூன்றாவது வரிசையில் அரக்குப் புடவையோடு உட்கார்ந்திருந்தாள். மில்லிலிருந்து நாலு பெண்களைக் கூட்டி வந்திருந்தாள். விழா முடிந்து எல்லாரும் போட்டோவுக்கு நின்றபோது ஸ்வர்ணலதா பக்கத்தில் வந்து, அவள் கரையை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தாள்.

"நம்ம கடைப் புடவைதான. நாலு வருஷமாச்சு, மின்னுது பாரு."

சின்னபொண்ணு பூரித்துப்போனாள். அதே பூரிப்பில், கூச்சத்தோடு, ஒரு சந்தேகத்தையும் கேட்டுவிட்டாள். "எடுத்த அன்னிக்கு கட்டிப் பாத்தப்ப ஏழு கொசுவம் வந்துச்சும்மா. இன்னிக்கு அஞ்சுதான் வருது. இழுத்து இழுத்துப் பாத்துட்டேன். நீளம் கம்மியாங்கம்மா?"

ஸ்வர்ணலதாவின் முகம் சுருங்கியது. சுற்றி ஜனம் இருந்தது.

"எங்க கடை அளவு தப்பாது சின்னபொண்ணு. நீதான் சதை போட்டுட்ட."

மில் பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். சின்னபொண்ணு தன்னையே ஒரு தரம் குனிந்து பார்த்துக்கொண்டாள். முப்பது வருஷம் நெல் தள்ளின உடம்பு. ரவிக்கையைப் போன வாரம்தான் இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்திருந்தாள், தொளதொளவென்று இருக்கிறதே என்று. அவளுக்குக் கணக்கு ஒத்துவரவில்லை. படித்தவன் பக்கத்தில்தான் நிற்கிறான். அவன் பக்கம் திரும்பினாள்.

"இன்னாடா? நெஜமாவா?"

தனசேகரன் போட்டோவுக்கு நின்றபடியே கழுத்தை மட்டும் திருப்பி அவனைப் பார்த்தார். சுதாகர் சால்வையைச் சரி செய்துகொண்டான்.

"ஆமாம்மா" என்றான். "சதை போட்டுட்ட."